டிராக்டர் ரேடியேட்டரில் கிணற்று நீர் ஊற்றலாமா?

முசிறி, தொட்டியம் பகுதிகளில் காவிரிக் கரையோரம் நெல், வாழை, கோரை பயிராகின்றன. வடக்கே தா.பேட்டை பக்கம் மேட்டு நிலத்தில் சோளமும் நிலக்கடலையும் விளைகின்றன. இரண்டு பக்கமும் இன்று உழவுக்கு டிராக்டரையே நம்பியிருக்கிறோம். சேற்றுழவு நடக்கும் நேரத்தில் என்ஜின் கொதித்து வண்டி வயலில் நின்றுவிட்டால் விவசாயி படும் பாடு சொல்லி முடியாது. அவசரத்துக்கு வாடகை வண்டி கிடைக்காது. நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். என்ஜின் கொதிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நம் கையாலேயே நாம் வரவழைத்துக்கொள்வது, ரேடியேட்டரில் ஊற்றும் உப்பு நீர்.

பழைய பழக்கம்

முன்பு கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓடிய காலத்தில், பம்பு இறைக்கும் நீரில் கொஞ்சத்தையே சிறு குழாய் வழியே என்ஜினுக்குள் விட்டுக் குளிர்விப்போம். அந்த நீர் அதிகம் சூடேறாமல் உடனே வெளியேறிவிடும். டிராக்டரில் அப்படியல்ல. உள்ளே உள்ள அதே நீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆவியாகிக் குறையக் குறையக் கிணற்று நீரை ஊற்றுகிறோம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்குகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பெண்கள் அறிவார்கள். அதே படிவு என்ஜினின் நீர்ப் பாதைகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஏறுகிறது. இரும்பைக் காட்டிலும் இந்தப் படிவு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உழைப்பாகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழி அடைபட்டால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் செய்யப்படும் மின்நிலையக் கொதிகலன்களில்கூட உப்பு நீக்கிய நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைவிற் கொள்ளலாம்.

கூலண்ட் எதற்கு?

"நம் ஊரில் பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. குளிர் நாடுகளில் நீர் உறைந்து என்ஜினைப் பிளக்காமலிருக்கவே எத்திலீன் கிளைக்கால் சேர்க்கத் தொடங்கினார்கள். நமக்கு அதன் பயன் வேறு. கூலண்டும் நீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை 100 டிகிரி செல்சியசிலிருந்து சுமார் 107 டிகிரிக்கு உயரும். மூடியின் அழுத்தத்தால் அது இன்னும் கூடும். கூலண்டில் உள்ள துருத் தடுப்பு மருந்துகள் உலோகத்தைக் காக்கும். நாளடைவில் இந்த மருந்துகள் தீர்ந்துவிடுவதால்தான் கூலண்டை மாற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடவும். இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. கொதிநீர் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும்.

2. மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயையும் என்ஜின் பிளாக்கிலுள்ள திருகையும் கழற்றிப் பழைய நீரை அகன்ற பாத்திரத்தில் பிடிக்கவும்.

3. இரண்டையும் மூடி, நல்ல நீர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும்வரை என்ஜினை ஓட்டவும். அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்து நீர் எங்கும் சுற்றும். மேலும் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, நன்றாக ஆறிய பின் வடிக்கவும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிளாக் விரிசல் காணும். நீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யவும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டரே வேண்டும்.

4. பம்புசெட் குழாயை நேராக ரேடியேட்டரில் செருகிப் பீய்ச்ச வேண்டாம். மெல்லிய குழாய்கள் பிய்ந்துவிடும்.

5. வெளிப்புறத் தகடுகளில் அடைந்துள்ள வைக்கோல் தூசி, வாழைச் சருகு ஆகியவற்றை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக நீர் விட்டு வெளியேற்றவும். ஹோஸ்கள், கிளிப்புகள், ஃபேன் பெல்ட், மூடியின் ரப்பர் வளையம் ஆகியவற்றையும் பார்த்துவிடவும்.

ஆசிட் வேண்டாம்

வாழைக்குச் சொட்டுநீர் போட்டவர்கள் குழாய் அடைப்பை நீக்க ஆசிட் விடுவதுண்டு. அடைப்பது அதே உப்புதானே என்று ரேடியேட்டரிலும் அதை ஊற்றிவிடக் கூடாது. சொட்டுநீர்க் குழாய் பிளாஸ்டிக். ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. ரேடியேட்டரில் இருப்பது அலுமினியம், செம்பு, பற்றவைப்பு ஈயம். ஆசிட் இவற்றை அரித்துவிடும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைத் தின்னும். படிவு கடுமையாக இருந்தால் ரேடியேட்டருக்கென்றே விற்கும் மருந்தை டப்பாவில் சொன்னபடி பயன்படுத்தவும் அல்லது ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் கொடுக்கவும்.

அளவில் கவனம்

எவ்வளவு வடித்தாலும் என்ஜினுக்குள் கொஞ்சம் நீர் தங்கிவிடும். அதன்மேல் கலந்தே விற்கும் கூலண்டை ஊற்றினால் அது நீர்த்துப் போகும். எனவே கலக்காத கூலண்டை வாங்கவும். மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்றால் முதலில் 5 லிட்டர் கூலண்டை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்குச் சரியாக வரும். காற்று தங்காதபடி மெதுவாக ஊற்றவும். மூடியிட்டுச் சிறிது நேரம் ஓட்டி, ஆறிய பின் குறைவை நிரப்பவும். கூலண்ட் அதிகமானால் நல்லது என்று எண்ண வேண்டாம். வெப்பத்தைச் சுமப்பதில் நீரே சிறந்தது. நிறத்தை மட்டும் பார்த்து இரு வகைகளைக் கலக்கவும் வேண்டாம்.

மாற்றிய பிறகும் நீர் குமிழியிட்டாலோ, என்ஜின் ஆயில் பால்போல் வெளுத்தாலோ கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்கவும்.

பழைய கூலண்ட் விஷம்

எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் கன்றும் நக்கிக் குடித்துவிடும், உயிர் போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. வடித்ததைப் பாத்திரத்தில் திறந்து வைக்காமல் உடனே மூடியுள்ள கேனில் அடைத்து, பெயர் எழுதி, சர்வீஸ் பட்டறையில் ஒப்படைக்கவும். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. யாரேனும் குடித்துவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கால்நடை என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உழவு தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி இந்த வேலையை முடித்துவிடலாம். வண்டியில் எப்போதும் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் இருக்கட்டும். அது இருந்தால் வழியில் கண்ட குழாயடியில் குடம் தேட வேண்டியிராது.