நான்கு விநாடி

நான்கு விநாடியில் என்ன செய்துவிட முடியும்? ஒரு செருப்பின் வாரை மாட்டுவதற்குள் அது ஓடிவிடும். ஆனால் 2024ஆம் ஆண்டு ஏழு நாள் நடந்த ஒரு பெண்கள் சைக்கிள் பந்தயத்தில் முதல் பரிசு யாருக்கு என்பதை இந்த நான்கு விநாடிதான் தீர்மானித்தது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உலகிலேயே பெயர்பெற்ற சைக்கிள் பந்தயம் ‘டூர் டி பிரான்ஸ்’ ஆகும். ஆண்களுக்கான இப்பந்தயம் 1903ஆம் ஆண்டு தொடங்கியது. பெண்களோ நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1955இல் ஐந்து நாள் பந்தயம் ஒன்று நடந்தது. மில்லி ராபின்சன் வென்றார். பிறகு 1984இல்தான் பெண்கள் டூர் மீண்டும் வந்தது. அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் அதில் வெற்றி பெற்றார். அந்தப் பந்தயமும் 1989க்குப் பின் நின்றுபோயிற்று. வேறு பெயர்களில் சில பந்தயங்கள் நடந்தும் அவை நிலைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸ் நகரில் ஈஃபில் கோபுரத்தின் அருகிலிருந்து ‘டூர் டி பிரான்ஸ் ஃபாம்’ புறப்பட்டது. ‘ஃபாம்’ என்றால் பிரெஞ்சு மொழியில் ‘பெண்கள்’ என்று பொருள். நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் வென்று 50,000 யூரோ பரிசு பெற்றார். அதே ஆண்டு ஆண்களில் வென்றவருக்குக் கிடைத்ததோ 5,00,000 யூரோ! இந்த வேறுபாடு நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றல்லவா?

இனி, பந்தயத்தின் விதிகளைப் பார்ப்போம். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும் ஓட்டத்துக்குக் ‘கட்டம்’ என்று பெயர். எல்லாக் கட்டங்களிலும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்கு மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். நம் தேர்வை எண்ணிப் பாருங்கள். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவள்தான் வகுப்பில் முதல் மாணவி என்று சொல்ல முடியாது; எல்லாப் பாடங்களையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இங்கும் அப்படியே. ஒவ்வொரு நாள் முடிவிலும் மொத்த நேரம் குறைவாக உள்ளவர் மஞ்சள் சட்டை அணிவார். சாதாரணக் கட்டங்களில் முதல் மூவருக்கு ஊக்கமாக முறையே 10, 6, 4 விநாடிகள் அவர்கள் நேரத்திலிருந்து கழிக்கப்படும்.

இது தனி ஒருத்தியின் பந்தயமும் அன்று. முன்னால் செல்பவர் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். அவர் பின்னால் ஒட்டிச் செல்பவருக்குச் சிரமம் குறைவு. ஆகையால் தோழியர் முறைவைத்து முன்னால் சென்று தங்கள் தலைவியின் பலத்தைக் காப்பார்கள்.

2024ஆம் ஆண்டுப் பந்தயம் ஆகஸ்டு 12 அன்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் தொடங்கியது. மொத்தம் 8 கட்டங்கள். முந்திய ஆண்டு வென்ற டெமி வோலரிங் மூன்றாம் கட்டத்திலேயே மஞ்சள் சட்டையைப் பெற்றார். ஆனால் ஐந்தாம் கட்டத்தில், முடிவிடத்தை நெருங்கும் வேளையில், பலர் ஒன்றாகச் சரிந்து விழுந்தனர். அவர்களில் வோலரிங்கும் ஒருவர். எழுந்து ஓட்டி முடித்தும், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். மஞ்சள் சட்டை போலந்து நாட்டுக் காசியா நிவியாதோமாவிடம் சென்றது. இவர் 2022இலும் 2023இலும் மூன்றாம் இடம் பெற்றவர்.

கடைசி நாள் காலையில் வோலரிங் 75 விநாடி பின்தங்கியிருந்தார். அன்றைய முடிவிடம் ஆல்ப் துவேஸ் என்னும் மலை. 21 வளைவுகள், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் ஏற்றம். நூறு மீட்டர் முன்னே சென்றால் எட்டு மீட்டர் உயர வேண்டும்! அதற்கு முந்திய மலையிலேயே வோலரிங் பாய்ந்து முன்னேறினார், நிவியாதோமா பின்தங்கினார். மலையுச்சியை வோலரிங் முதலில் அடைந்தார். நிவியாதோமா 61 விநாடி கழித்து நான்காவதாக வந்தார். இப்போது கணக்கைப் போடுங்கள், தோழியரே. 75இல் 61 போனால் மீதி 14. முதலிடத்துக்குரிய 10 விநாடியையும் கழித்தால் மீதி 4. இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் அதிகமாக ஓட்டிய பின், நிவியாதோமா நான்கே விநாடியில் வென்றார்! ஆண்கள் டூரில் இதுவரை கண்ட மிகக் குறைந்த வேறுபாடுகூட, 1989இல், 8 விநாடியாக இருந்தது.

அந்த நான்கு விநாடி எங்கிருந்து வந்தது? நான்காம் கட்டம் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் முடிந்தபோது நிவியாதோமா மூன்றாவதாக வந்தார். மூன்றாம் இடத்துக்கு ஊக்கம் 4 விநாடி. அன்று அவரை யாரும் வெற்றியாளர் என்று கொண்டாடவில்லை. “முதலிடம்தான் போய்விட்டதே, இனி எதற்கு முயல வேண்டும்?” என்று அவர் மிதிப்பதைத் தளர்த்தியிருந்தால், கடைசி நாளில் அந்த 4 விநாடி அவர் கணக்கில் இருந்திருக்காது.

நாமும் பல நாள் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் வருகிறோம். சில நாள் விழவும் செய்கிறோம். கூட்டுத்தொகை போடும் நாளில் அந்தச் சிறு முயற்சிகளும் கணக்கில் இருக்கும். பெண்கள் டூரும் நின்று நின்று வந்ததுதான். 2025இல் அது ஒன்பது நாள் பந்தயமாக வளர்ந்தது. ஆகவே முதலிடம் கிட்டாத நாளிலும் முழு பலத்தோடு முயல்வோமாக!