பத்துப் பேர் வாழும் ஊராட்சி

கேள்வி: ஏறக்குறையப் பத்துப் பேர் மட்டுமே வாழும் ஊராட்சி ஜெர்மனியில் உண்டாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். வட கடலில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலக் கரையை ஒட்டியுள்ள குரோடெ தீவு. பரப்பு சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர். ஆள் குறைவு என்பதால் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. வாக்காளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கிறார்கள். கிராமசபை என்றால் இதுவல்லவா!

இத்தகைய தாழ்ந்த தீவை ‘ஹல்லிக்’ என்பார்கள். கடலைத் தடுத்து நிறுத்தும் உயரமான கரை இதற்கில்லை. புயல் நாள்களில் புல்வெளி முழுதும் மூழ்கும். மண்மேடுகள்மேல் கட்டிய வீடுகளும் தேவாலயமும் மட்டும் தலைகாட்டும். 1362, 1634 வெள்ளங்கள் இந்தக் கரையோரத்தின் வடிவத்தையே மாற்றின. 1825இல் ஹல்லிக்குகளில் பலர் மாண்டனர். 1962 வெள்ளத்துக்குப் பிறகே மேடுகள் பலப்படுத்தப்பட்டன. சுவர் இடிந்தாலும் நிற்கும்படி கான்கிரீட் தூண்கள்மேல் பாதுகாப்பு அறைகள் எழுந்தன.

குழாய்நீர் வருவதற்கு முன், மேட்டிலேயே குளம் வெட்டி மழைநீரைச் சேமித்தார்கள். கடல்நீர் அதில் புகுந்துவிட்டால் மாடுகளுக்குக் குடிக்க நீரில்லை. இவ்வளவுக்கும் பிறகு அங்கே மனிதர்கள் தங்கியிருப்பது என்னை நெகிழ வைக்கிறது. வசந்தத்தில் வலசை வாத்துகளும் வந்திறங்கும்.