நாற்றங்காலும் முதல் வகுப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் பெற்றோரும் அறியவேண்டிய ஒரு பாடம்)

நெல் பயிரிடுவோர் யாவரும் நாற்றங்காலின் அருமையை அறிவர். நாற்று நோஞ்சானாகப் போய்விட்டால், நடவு வயலில் எவ்வளவு எரு இட்டாலும், எத்தனை தடவை தண்ணீர் பாய்ச்சினாலும், விளைச்சல் குன்றியே தீரும். பள்ளிக்கூடத்தின் நாற்றங்கால் முதல் மூன்று வகுப்புகளேயாகும். அங்கே எழுத்தறிவு செம்மையாக வேர் பிடித்த பிள்ளை மேல் வகுப்புகளில் தானே வளர்ந்து செல்லும். அங்கே வேர் பிடிக்காத பிள்ளையைப் பின்னர் தூக்கி நிறுத்துவது பெரும்பாடாகும்.

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேலூருக்கு வடக்கே உள்ளது கொட்டாம்பட்டி. இந்த வட்டாரத்திற்கு எழுத்து புதியதன்று. அருகிலுள்ள கருங்காலக்குடிக் குன்றில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. தமிழ் மொழி எழுத்தில் ஏறிய தொடக்க காலத்துச் சான்றுகளில் அதுவும் ஒன்று. இத்தகைய மண்ணில் பிறந்த குழந்தை எட்டு வயதிலும் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க இயலாமல் நிற்குமாயின், அது குழந்தையின் குறையா? அன்று, அதற்குத் தக்க கருவிகளையும் துணையையும் அளிக்கத் தவறிய பெரியவர்களின் குறையே.

காலம் தவறலாகாது

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் படிப்பதன் வாயிலாகவே பிற யாவற்றையும் கற்கவேண்டியிருக்கிறது. கணக்கும் அறிவியலும் வரலாறும் எழுத்தின் வழியாகவே வருகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை நான்காம் வகுப்பில் அமர்ந்திருந்தாலும், அதன் செவியில் விழும் பாடம் பாறைமேல் பெய்த மழையாக வழிந்தோடிவிடும். பிறகு வெட்கம் வரும். வெட்கத்தின்பின் பள்ளிக்கு மட்டம் போடுதல் வரும். இறுதியில் படிப்பு நின்றுபோகும்.

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், தமிழ்நாட்டில் 2021 நவம்பர் முதல் தேதியன்றே மீண்டும் திறக்கப்பட்டன. நாற்றுப் பருவத்தில் இருந்த பிள்ளைகளே அந்த இடைவெளியால் மிகுதியும் வாடினர். அக்குறையைப் போக்குவதற்காக 2022 ஜூன் மாதத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிள்ளைகளை அவர்கள் அடைந்துள்ள நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை அத்திட்டம் வகுத்தது. ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகள் யாவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டதே இதன் சிறப்பு.

மணல் முதல் அட்டை வரை

கற்பிக்கும் கருவி என்றவுடன் பெரும் பொருட் செலவை எண்ணிப் பலர் மலைத்துவிடுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு மலைக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்பவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். அவர் தம் நாட்டிற்குத் திரும்பி 1797-இல் நூலொன்றை வெளியிட்ட பின்னர், ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணை மணல் கடல் கடந்து சென்ற கதை இது.

இத்தாலி நாட்டு மருத்துவப் பெண்மணியான மரியா மாண்டிசோரி, 1907-இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, அவற்றை விரலால் தடவச் செய்து, தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லச் செய்தார். கண், கை, செவி, வாய் ஆகிய நான்கும் ஒருங்கே எழுத்தைப் பற்றிக்கொள்ளும் முறை இது. அவர் 1939-இல் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் நமக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

பின்னாளில் ஆந்திர நாட்டு ரிஷி பள்ளத்தாக்குக் கல்வி நிலையத்தார், ஓராசிரியர் பள்ளிகளுக்கென அட்டைகளும் ‘ஏணி’ முறையும் வகுத்தனர். அதன் வழியில் அமைந்த செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதிலும் பரவியது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டுமாறு கரும்பலகை தீட்டியதும், பிள்ளைகள் வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் அமைத்ததும், ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்ததும் அக்காலத்தில்தான். அந்தக் கரும்பலகை உங்கள் ஊர்ப் பள்ளியில் வெளுத்துப்போயிருந்தால், அதற்கு மீண்டும் கறுப்புப் பூசுவது பஞ்சாயத்து செய்யக்கூடிய எளிய பணியன்றோ?

ஊரிலேயே கிடைக்கும் கருவிகள்

தென்னையும் புளியும் உள்ள ஊரில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தென்னை ஈர்க்கைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினால் ‘ட’, ‘ப’ ஆகிய நேர்கோட்டு எழுத்துக்களை அடுக்கிக் காட்டலாம். பத்துப் பத்தாகக் கட்டினால் அதுவே எண்ணிக்கைப் பாடமாகும். புளியங்கொட்டையை வரிசையாகப் பதித்து வளைந்த எழுத்துக்களை அமைக்கலாம். தச்சரிடம் சொல்லி, விரற்கடை உயரமுள்ள விளிம்போடு மரத்தட்டுகள் செய்து, சலித்த மணலைப் பரப்பினால் எழுதுதட்டு ஆயிற்று. எழுதுகோலைப் பிடிக்கும் வலிமை ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு உடனே வந்துவிடாது. களிமண் பிசைதலும் மணலில் எழுதுதலும் அவ்விரல்களைப் பக்குவப்படுத்துகின்றன. கடைகளில் கழிக்கும் அட்டைப் பெட்டிகளை வெட்டினால் எழுத்தட்டைகள் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அழகிய பொருள்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. எந்தக் கருவி வேண்டும் என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும். கிழிந்துவிடுமே என்று அஞ்சிப் புத்தகத்தைப் பூட்டி வைப்பவர், விதை நெல்லை விதைக்காமல் பத்தாயத்தில் வைத்து அந்துப்பூச்சிக்கு இரையாக்குபவரை ஒப்பர்.

எழுத்தை எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துக்கள். இவை அனைத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்து, பிறகுதான் சொல்லுக்குச் செல்லவேண்டும் என்பதில்லை. ட, ப, ம என்னும் மூன்று எழுத்துக்களையும் ஒரு புள்ளியையும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களைப் படித்துவிடும். ‘ர’வைச் சேர்த்தால் மரம் வரும், ‘க’வைச் சேர்த்தால் பக்கம் வரும். முதல் வாரத்திலேயே ‘நானே படித்தேன்’ என்ற மகிழ்ச்சி பிறக்கும். அம்மகிழ்ச்சியே அடுத்த எழுத்துக்கு அழைத்துச் செல்லும்.

‘கொட்டாம்பட்டி’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கள் ஏழு, ஆயினும் க, ட, ம, ப என்னும் நான்கு மெய்களின் வடிவங்களே அதில் உள்ளன. புள்ளி இருக்கிறது, கால் இருக்கிறது, கொம்பு இருக்கிறது, மேல் விலங்கும் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தந்தை அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டிப் பிள்ளையிடம் படிக்கச் சொன்னால், அதுவே ஒரு முழுப் பாடம். கொம்பு முன்னே எழுதப்பட்டாலும் அதன் ஒலி மெய்க்குப் பின்னரே வருகிறது. பிள்ளைகள் இடறும் இடம் இது. ஆதலால் இங்கே பொறுமை வேண்டும்.

வீட்டிலுள்ள முதியோர்க்கும் ஒரு சொல். 1978-இல் அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துக்களின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்தவர்கள் பழைய வடிவத்தை எழுதிக்காட்டினால் பிள்ளை குழம்பும். பாடப் புத்தகத்தில் உள்ள வடிவத்தையே எழுதிக்காட்டுதல் நன்று.

எழுத்தறியாப் பெற்றோரும் துணை செய்யலாம்

‘எமக்குப் படிக்கத் தெரியாதே, யாம் என்ன செய்வோம்?’ என்று கேட்கும் பெற்றோர் உளர். அவர்களால் ஆகும் உதவி மிகப் பெரிது. குழந்தை எழுத்தை அறியுமுன் சொல்லை அறியவேண்டும். களத்து மேட்டில் அது கேட்கும் சொற்களும், பாட்டி சொல்லும் கதையும், விடுகதையும் பின்னர் அது படிக்கப்போகும் எழுத்துக்குப் பொருள் தருகின்றன. ஆட்டின் நிறங்களையும் மண்ணின் வகைகளையும் விதைகளின் பெயர்களையும் பிள்ளையோடு பேசுங்கள். நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம் பிள்ளை வாய்விட்டுப் படிக்கக் கேளுங்கள். பிழை திருத்த இயலாவிடினும், கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்கு ஊக்கமளிக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், பல்லாயிரம் தாய்மார்கள் வயல் வேலைக்குப் பின் எழுத்தறிந்தனர். தாயும் பிள்ளையும் ஒரே விளக்கின்கீழ்ப் படிக்கும் வீட்டில் படிப்பு தங்கும்.

தொடர்ந்து பின்தங்கும் பிள்ளையை ‘மக்கு’ என்று ஏசுதல் கூடாது. பார்வைக் குறையோ செவிக் குறையோ காரணமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று சோதித்தல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யவேண்டுவன

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. அதே 1958-இல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர் மக்களே கரும்பலகையும் பலகையும் பாயும் நிலமும் மனமுவந்து அளித்தனர். அந்த மனம் இன்றும் வேண்டும். செய்யவேண்டுவனவற்றைக் கீழே தொகுத்துரைக்கிறோம்.

1. கிராம சபையின் முன் பள்ளியின் தேவைகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் வைத்தல். தொடக்கக் கல்வியும் நூலகமும் அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துக்குரிய பொருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. எனவே கிராம வளர்ச்சித் திட்டத்தில் அவற்றிற்கு இடம் கேட்பது உரிமையே.

2. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டங்களுக்குத் தவறாது செல்லுதல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பது அக்குழுவே.

3. ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்களோடு கூடிய நூலகம் வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. அது இருக்கிறதா, பிள்ளைகள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தல். சுவரோரம் ஒரு கயிற்றைக் கட்டி, புத்தகங்களை முகப்புத் தெரியுமாறு தொங்கவிட்டாலே போதும்.

4. ஊர் நூலகத்தைத் திறந்து வைத்தல். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948-இல் சென்னை மாகாணமே. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். கிராம மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகக் கட்டடம் பூட்டிக் கிடக்குமாயின், மாலை வேளையில் அதைத் திறக்க ஒருவரைப் பொறுப்பாக்குதல்.

5. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் தொடர்பு ஏற்படுத்துதல். மூன்று வயதில் பாடலும் கதையும் கேட்ட பிள்ளைக்கு ஐந்து வயதில் எழுத்து எளிது.

6. நடவு, அறுவடைக் காலங்களில் பிள்ளைகள் பள்ளிக்கு வராது நிற்பதைத் தடுத்தல்.

அளந்து பார்க்கும் முறை

பயிரின் நிலையை அறிய விவசாயி வரப்பில் இறங்கிப் பார்க்கிறார். பிள்ளைகளின் படிப்பையும் அவ்வாறே அறியலாம். 2005 முதல் நாட்டின் கிராமப்புற வீடுகளுக்குச் சென்று பிரதம் என்னும் அமைப்பு நடத்திவரும் ஆய்வில், எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை என நான்கு படிகளில் பிள்ளைகளைப் படிக்கச் செய்கின்றனர். உங்கள் ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கின்றனர் என்பதைத் தலைமை ஆசிரியரோடு அமர்ந்து கேட்டறியுங்கள். பலர் முன்னிலையில் பிள்ளையை நிறுத்திச் சோதித்தல் கூடாது. ஆசிரியரைக் குற்றஞ்சாட்டுவதும் நோக்கமன்று. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில் அவர்கள் படும் பாடு சிறிதன்று. எத்தனை பிள்ளைகள் பின்தங்கியுள்ளனர், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதே நாம் அறியவேண்டுவது. அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே பஞ்சாயத்தின் உண்மையான வரவு செலவுக் கணக்கு.

சாலை பழுதானால் அடுத்த ஆண்டு செப்பனிடலாம். கண்மாய்க் கரை உடைந்தாலும் மீண்டும் கட்டலாம். ஒரு குழந்தையின் ஆறாவது வயது ஒரு முறையே வரும். அந்த ஆண்டில் அதன் கையில் ஒரு மணல் தட்டும், சில எழுத்தட்டைகளும், ஒரு கதைப் புத்தகமும் இருக்குமாறு செய்தல் எந்தப் பஞ்சாயத்துக்கும் இயலாத காரியமன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவருவீர்களாக!