பச்சோந்தியைத் தேடுவோம், தொடாமல் திரும்புவோம்



பச்சோந்தியைச் சிவப்புத் துணியில் வைத்தால் சிவக்கும், நீலத் துணியில் வைத்தால் நீலமாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளி நாளில் நானும் அதை நம்பினேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் பிடித்த பச்சோந்தியை நானும் நண்பர்களும் துணி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். அது சிவக்கவில்லை, நீலமாகவும் இல்லை. கருத்தது; வாயைத் திறந்து சீறியது. சோதனை தோற்றது என்று அதை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தோம். மூன்றாம் நாள் இறந்து கிடந்தது.

உண்மையில் அது விடை சொல்லியிருந்தது. எங்களுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

நிறம் எப்படி மாறுகிறது?

மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெய் பல வண்ணங்களில் மின்னுகிறது அல்லவா? எண்ணெயில் அந்தச் சாயங்கள் இல்லை. படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளியின் சில அலைநீளங்கள் மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகின்றன. பச்சோந்தியின் தோலிலும் இதற்கு நெருங்கிய ஒளியியல்தான் வேலை செய்கிறது.

மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து, ஜெனீவா பல்கலைக்கழக அறிவியலார் 2015-இல் இதை விளக்கினர். அதன் தோலின் உயிரணுக்களில் குவானைன் என்னும் பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அமைதியாக இருக்கும்போது படிகங்களுக்கு இடையே இடைவெளி குறைவு; நீல ஒளி திரும்புகிறது. அது தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. போட்டிக்கு இன்னோர் ஆண் வந்தால் இடைவெளி கூடுகிறது; அலைநீளம் மிகுந்த மஞ்சளும் சிவப்பும் திரும்புகின்றன.

கருமை வருவது வேறு வழியில். மெலனின் என்னும் கருநிறமி உயிரணுவுக்குள் பரவும்போது உடல் கருக்கிறது. குளிர்ந்த காலையில் வெயிலின் வெப்பத்தை ஏற்கக் கருக்கும், அச்சத்திலும் கருக்கும். விரித்த துணியின் நிறத்தை அது படியெடுப்பதில்லை. நாங்கள் வேடிக்கை பார்த்தது அதன் அச்சத்தை.

எங்கே காணலாம்?

உலகில் 200-க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறக்குறையப் பாதி மடகாஸ்கரில் வாழ்கின்றன. இந்தியாவில் ஒரே ஓர் இனம்தான். அதுவே இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்து மாணவர்கள் அதைத் தேட மடகாஸ்கர் செல்ல வேண்டாம். செம்மண் மேட்டுப் புதர்கள், முள்வேலிகள், முந்திரித் தோப்பின் ஓரங்கள் போன்ற வறண்ட இடங்களில் பொறுமையாகப் பாருங்கள்.

கழுத்துச் சிவந்த ஓணானைப் பச்சோந்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஓணான் விரைந்து ஓடும். அதன் விரல்கள் தனித்தனியே இருக்கும். பச்சோந்தியின் விரல்கள் இரு கற்றைகளாகச் சேர்ந்து இடுக்கிபோல் கிளையைப் பிடிக்கும். வால் சுருளும். கூம்பு போன்ற கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். காற்றில் ஆடும் இலைபோல் முன்னும் பின்னும் அசைந்து நடக்கும்.

பகலில் இலைகளுக்கிடையே அதைக் காண்பது கடினம். இரவில் எளிது. மெல்லிய கிளையின் நுனியில் தூங்கும். பாம்பு ஏறினால் கிளை ஆடும், இது விழித்துக்கொள்ளும். தூங்கும்போது உடல் வெளிறியிருப்பதால், டார்ச் ஒளியில் கரும்பச்சை இலைகளுக்கிடையே பளிச்சென்று தெரியும். இரவில் பெரியவர்களோடு மட்டும், காலணி அணிந்து செல்லுங்கள்.

எப்படி விட்டு வருவது?

ஒளிமூலத்திலிருந்து தொலைவு இருமடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகும் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். டார்ச்சுக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். எனவே 1 மீட்டரில் நிற்பதைவிட 2 மீட்டரில் நில்லுங்கள். சில நொடிகள் பார்த்ததும் ஒளியை விலக்குங்கள். கைபேசியில் பளிச்சொளி போட்டுப் படம் எடுக்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள். பார்த்த இடத்தை ஊரறியப் பரப்பவும் வேண்டாம். பிடித்து விற்பவர்களுக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

தரையில் மெல்ல நடக்கும் பச்சோந்தியைக் கண்டால் தூக்காதீர்கள். மண்ணில் குழி தோண்டி முட்டையிடப் போகும் தாயாக இருக்கலாம். சாலையைக் கடந்தால், கூட இருக்கும் பெரியவர்களிடம் சொல்லி வண்டிகளைச் சற்று நிறுத்தச் செய்யுங்கள். அது போய்விடும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு வேலியில் உள்ள ஓணானும் நிறம் மாற்றும். ஒரு வாரம் காலை 7 மணிக்கும் நண்பகலிலும் தள்ளி நின்று கவனியுங்கள். வெயிலா நிழலா, உடல் கருத்ததா வெளிறியதா, அருகில் இன்னோர் ஓணான் உண்டா என்று குறித்து வையுங்கள். நீங்கள் ஓரடி நெருங்கியதும் அதன் நிறமோ நிற்கும் நிலையோ மாறினால் அதையும் எழுதுங்கள். பிறகு அந்த ஓரடி பின்வாங்குங்கள். எங்கள் துணிச் சோதனையில் கிடைக்காத விடை உங்கள் குறிப்பேட்டில் கிடைக்கும்.