ஆலையில் ஒரு போட்டி

எரிசக்திச் செலவைக் குறைக்க விலையுயர்ந்த புது இயந்திரங்கள்தாம் வழி என்று பெரிய ஆலைகள் எண்ணுவதுண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள டௌ இரசாயன ஆலையில் பணியாற்றிய பொறியாளர் கென் நெல்சன், 1982ஆம் ஆண்டில் ஊழியர்களிடையே ஒரு போட்டி வைத்தார். சக்தியை மிச்சப்படுத்தும் யோசனைகளை அவர்களே கூறவேண்டும். போட்ட முதல் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும். இது நல்ல ஏற்பாடே! எந்தக் குழாயில் நீராவி வீணாகிறது, எந்தப் பம்பு தேவையின்றி ஓடுகிறது என்பதெல்லாம் நாள்தோறும் அதனருகே நிற்பவர் அறிந்தவை அல்லவா?

முதலாண்டில் 27 திட்டங்கள் தேறின. போட்ட 100 டாலருக்கு ஆண்டுதோறும் சராசரி 173 டாலர் மிச்சம். எளியவை தீர்ந்துவிட்டன, இனி ஒன்றுமில்லை என்றனர் பலர். மறு ஆண்டோ 32 திட்டங்கள் வந்தன. மிச்சம் 340 டாலராக உயர்ந்தது. 1993 வரை நடந்த போட்டியில் ஏறத்தாழ 900 திட்டங்கள் நிறைவேறின.