வகுப்பறையில் ஆசிரியரின் அரசியல்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனின் ஆசிரியர், பாடத்துக்கு நடுவே தம் அரசியலையும் பேசுகிறாராம். பிள்ளைகள் அப்படியே நம்பிவிட மாட்டார்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கொஞ்சம் நம்புவார்கள். ஆனால் அதில் நன்மையும் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே, பவானி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் புலவர் குழந்தை. திராவிட இயக்கப் பற்றை அவர் ஒளித்ததில்லை. இராவணனை நாயகனாக்கி அவர் எழுதிய 'இராவண காவியம்' 1946-இல் வந்தது. 1948-இல் அரசு தடை செய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. கம்பனை நேசிக்கும் நான் அவர் பார்வையோடு உடன்படவில்லை. ஆனாலும், தெரிந்த கதையை எதிர்ப்பக்கம் நின்று பார்க்கலாம் என்று காட்டும் ஆசிரியர் மாணவருக்குப் பெரும் கொடை.

எனக்குக் கவலை வேறு. பிளஸ் டூவில் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு, ஆசிரியர் கையில். அதற்குப் பயந்து பையன் தலையாட்டினால் அது படிப்பே அல்ல. கட்சியைவிடச் சாதிப் பெருமை பேசும் ஆசிரியர் இன்னும் ஆபத்தானவர். அப்படிப்பட்டவர் என்றால் தலைமையாசிரியரிடம் உடனே முறையிடுங்கள்.

மற்றபடி, மகனிடம் ஒன்று கேளுங்கள்: வகுப்பில் யாராவது மறுத்துப் பேசினார்களா, அப்போது சார் என்ன சொன்னார்?