யூத விருந்தினர் வந்தால்

பிற மதத் தலங்களைப் பார்க்கவென்றே கிளம்பும் யூதக் குழுக்களுக்குச் சிவனொளிபாதமலை (2,243 மீட்டர்) பொருத்தமான இடம். பௌத்தருக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் மலை. அந்த ஆதாம் யூத வேதத்திலும் முதல் மனிதர்தான்.

கினிகத்தேனையில் அறை, வேன் ஏற்பாடு செய்வோர் முதலில் கிழமையைப் பாருங்கள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள். நியமம் தவறாதவர்கள் வாகனம் ஏறமாட்டார்கள். ஞாயிறு ஹற்றன், மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்குப் போகலாம். யாத்திரைக் காலம் டிசம்பர் போயா முதல் வெசாக் வரை. போயா நாள் வேண்டாம், நெரிசல்!

சாப்பாட்டில் பன்றி, இறால், கணவாய் கூடாது. இறைச்சியோடு தயிரும் சேராது. மரக்கறியே வசதி. சிலர் நம் சட்டியில் சமைத்ததையே தொடமாட்டார்கள், கோபிக்காதீர்கள். உரிக்காத வாழைப்பழம், மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் கொடுங்கள். மற்றதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.